இரண்டு விரலும் ஒரு ஸ்பிரிங்கும்

கைத்துப்பாக்கிகளில் சிறியது எதுவோ, பெரும்பாலும் அதுதான் கையால் இயக்கக் கடினமானது. ஒரு கிலோவுக்கும் மேல் கனக்கும் பழைய ராணுவப் பிஸ்டலில் சீராகப் பின்னால் வரும் ஸ்லைடு, அதில் பாதி எடையுள்ள சட்டைப்பைப் பிஸ்டலில் அசைய மறுக்கும். தனிமனிதர் துப்பாக்கி வைத்திருப்பது பரவலாக உள்ள அமெரிக்காவில் இது அன்றாடச் சிக்கல். வயதானவர்கள், மூட்டுவலி உள்ளவர்கள், சிறிய கை உள்ளவர்கள் ஆகியோருக்குச் சிறிய துப்பாக்கியே ஏற்றது என்று நினைத்து அதைக் கையில் கொடுக்கிறார்கள். ஸ்லைடு வரவில்லை என்றதும், 'கையில் வலு போதாது' என்று தீர்ப்பும் சொல்லிவிடுகிறார்கள். அந்தத் தீர்ப்பு பெரும்பாலான நேரங்களில் தவறு என்பதே இக்கட்டுரையின் வாதம். உடலில் வலு இருக்கிறது. தேவையான விசையைப்போல் பல மடங்கு இருக்கிறது. அந்த வலு ஸ்லைடைச் சென்றடையும் வழி மட்டும் இரண்டு விரல் அகலத்துக்குச் சுருங்கிவிடுகிறது. இதைப் புரிந்துகொள்ள ஸ்பிரிங் ஏன் அவ்வளவு கடினமாக இருக்கிறது என்பதையும், மனிதக் கை எப்படிப் பிடிக்கிறது என்பதையும் சேர்த்தே பார்க்க வேண்டும்.

முதலில் ஸ்லைடின் வேலை என்ன என்று பார்ப்போம். குழலின் பின்வாயை மூடியபடி, துப்பாக்கியின் மேல் முன்னும் பின்னும் நகரும் எஃகுக் கூடு அது. 1890-களில் அமெரிக்கரான ஜான் மோசஸ் பிரவுனிங் இந்த அமைப்பைச் செப்பனிட்டார். பெல்ஜியத்தின் எஃப்.என். ஆலையும் அமெரிக்காவின் கோல்ட் நிறுவனமும் அந்த நூற்றாண்டு முடிவதற்குள் அதைச் சந்தைக்குக் கொண்டுவந்தன. இன்று உலகில் புழங்கும் பிஸ்டல்களில் பெரும்பாலானவை அந்த அமைப்பின் வழித்தோன்றல்களே. குண்டு முன்னால் பாயும்போது ஸ்லைடு பின்னால் உதைக்கப்படுகிறது. போகிற போக்கில் காலித் தோட்டாக்கூட்டை வெளியே எறிகிறது. அடுத்த முறை சுடுவதற்கான சுத்தியைப் பின்னுக்குத் தள்ளி நிறுத்துகிறது. அடியில் நசுங்கிய ஸ்பிரிங் அதைத் திரும்ப முன்னால் தள்ள, மேகசினிலிருந்து புதிய தோட்டா ஒன்றை உருவிக் குழலின் பின்னறைக்குள் செருகுகிறது. இத்தனையும் வெடிமருந்தின் ஆற்றலால் தானாக நடப்பவை. ஆனால் முதல் தோட்டாவை அறைக்குள் ஏற்றவும், வேலை முடிந்தபின் அறையைக் காலி செய்யவும், இடையில் தோட்டா சிக்கிக்கொண்டால் விடுவிக்கவும் மனிதக் கைதான் வர வேண்டும். வெடிமருந்துக்காக அளவிட்டு வைத்த ஸ்பிரிங்கோடு கை போராடுவது அந்த நேரத்தில்தான்.

அந்த ஸ்பிரிங் குழலின் வாயை இறுக மூடி வைப்பதற்காகவே அவ்வளவு கடினமாக இருக்கிறது என்று பலர் நம்புகிறார்கள். கணக்கு அதை ஒப்புக்கொள்ளாது. பரவலாகப் பயன்படும் 9 மில்லிமீட்டர் தோட்டாவில் உச்ச அழுத்தம் 235 மெகாபாஸ்கல் வரை போகிறது. குழலின் குறுக்குப் பரப்பு ஏறத்தாழ 64 சதுர மில்லிமீட்டர். இரண்டையும் பெருக்கினால் பின்னோக்கிய விசை சுமார் 15,000 நியூட்டன், அதாவது ஒன்றரை டன் எடைக்குச் சமம். ஸ்பிரிங்கோ 70 முதல் 100 நியூட்டன் அளவில்தான் எதிர்க்கிறது. ஒன்றரை டன்னை எட்டுப் பத்து கிலோ தடுத்து நிறுத்திவிடாது. எளிய வகைப் பிஸ்டல்களில் வாயை மூடி வைத்திருப்பது ஸ்லைடின் நிலைமம். கால் கிலோவுக்குச் சற்று அதிகமான எஃகு, ஆறு கிராம் குண்டைவிட மிக மெதுவாகவே நகரத் தொடங்கும். எட்டரை சென்டிமீட்டர் நீளக் குழலைக் குண்டு கடந்து வெளியேறும்போது ஸ்லைடு ஏறத்தாழ இரண்டு மில்லிமீட்டர்தான் பின்வாங்கியிருக்கும். அழுத்தம் பெருமளவு தணிந்த பிறகே அறை திறக்கிறது.

அப்படியானால் ஸ்பிரிங் எதற்கு? ஓடத் தொடங்கிய ஸ்லைடின் வேகத்தைக் குறைக்கவும், திருப்பி அனுப்பவும். சிறிய துப்பாக்கி ஏன் கடினமாகிறது என்பதற்கான விடையும் இங்கேதான் இருக்கிறது. குண்டும் வாயுக்களும் எவ்வளவு உந்தத்தோடு முன்னால் போகின்றனவோ அதே உந்தம் பின்னால் நகரும் உறுப்புகளுக்கும் கிடைக்கும். 7.5 கிராம் குண்டு வினாடிக்கு 350 மீட்டர் வேகத்தில் போனால், வாயுக்களின் பங்கையும் சேர்த்து, அரை கிலோ எடையுள்ள ஸ்லைடும் குழலும் வினாடிக்கு ஐந்தரை மீட்டருக்கு மேல் வேகம் பெறும். அதே தோட்டாவைச் சுடும் துப்பாக்கியில் அந்த எடையை 300 கிராமாகக் குறைத்தால் வேகம் ஒன்பது மீட்டரைத் தாண்டும். உந்தம் மாறாதபோது இயக்க ஆற்றல் எடைக்குத் தலைகீழ் விகிதத்தில் கூடும். எனவே ஆற்றல் ஒன்றரை மடங்கைத் தாண்டுகிறது. போதாததற்கு, துப்பாக்கி சிறியது என்பதால் ஸ்லைடு ஓடி நிற்க இருக்கும் தூரமும் குறைவு. அதிக ஆற்றலைக் குறைந்த தூரத்தில் தணிக்க வேண்டுமென்றால் ஸ்பிரிங் கடினமாகத்தான் வேண்டும். 'எடை குறைவு, எடுத்துச் செல்ல எளிது' என்று வாங்கப்படும் துப்பாக்கி அந்த எளிமைக்கான விலையை ஸ்பிரிங்கில் வசூலித்துவிடுகிறது.

எல்லாச் சிறிய துப்பாக்கிகளும் ஒரே மாதிரிக் கடினமானவையும் அல்ல. உள்ளமைப்பு பெரிய வேறுபாட்டை உண்டாக்கும். ஜெர்மனியில் 1929-இல் வந்த வால்தர் பி.பி.யும், அதை அடுத்து வந்த சிறிய பி.பி.கே.யும் எளிய பின்னுதைப்பு வகை. குழல், கைப்பிடி உள்ள அடிச்சட்டத்தோடு அசையாமல் நிற்கும். ஸ்லைடு மட்டும் தனியாகப் பின்னால் வரும். உந்தம் முழுவதையும் ஸ்லைடே வாங்கிக்கொள்வதால் ஸ்பிரிங் கடினமாக இருக்கிறது. 1911-இல் அமெரிக்க ராணுவம் ஏற்ற பிரவுனிங்கின் .45 பிஸ்டலிலோ தொடக்கத்தில் குழலும் ஸ்லைடும் ஒன்றோடொன்று பூட்டிக்கொண்டு சேர்ந்தே சிறிது தூரம் பின்வாங்குகின்றன. அழுத்தம் தணிந்ததும் குழல் சற்றுக் கீழே சாய்ந்து கழன்றுகொள்கிறது. நகரும் எடை அதிகம், ஓடும் தூரமும் அதிகம். அதனால் மிக வலுவான அந்தத் தோட்டாவுக்கும் 16 பவுண்டு, அதாவது ஏழு கிலோவுக்குச் சற்று மேற்பட்ட ஸ்பிரிங் போதுமானதாகிறது. சுத்தி உள்ள பிஸ்டல்களில் இன்னொரு சுமையும் உண்டு. சுத்தி கீழே படிந்திருக்கும்போது ஸ்லைடை இழுத்தால், ஸ்லைடைத் திருப்பி அனுப்பும் மீட்பு ஸ்பிரிங்கோடு சுத்தியின் ஸ்பிரிங்கையும் சேர்த்தே வெல்ல வேண்டும். இழுக்கத் தொடங்கும் முதல் ஒரு சென்டிமீட்டரில் சில ஸ்லைடுகள் இரும்புச் சுவர்போல் நிற்பது இதனால்தான்.

இப்போது கையின் பக்கம் வருவோம். எல்லாச் சுமைகளையும் சேர்த்தால் பெரும்பாலான பிஸ்டல்களின் ஸ்லைடை இழுக்க ஏழு முதல் பத்து கிலோ எடைக்குச் சமமான விசை தேவைப்படும். தூரம் நான்கு முதல் ஐந்து சென்டிமீட்டர். செய்யும் வேலையைக் கணக்கிட்டால் ஏறத்தாழ மூன்று ஜூல் அளவுதான். ஒரு லிட்டர் தண்ணீர்ப் பாட்டிலை ஒரு சாணுக்குச் சற்று மேலே தூக்குவதற்கு ஆகும் வேலை அது. எழுபது வயதுப் பெண்மணி ஒருவர் நாள் முழுக்கச் செய்யும் வீட்டு வேலைகளில் இதைவிடப் பன்மடங்கு ஆற்றல் செலவாகிறது. ஆகவே ஆற்றலில் பஞ்சமில்லை. தோளிலும் முதுகிலும் பத்து கிலோவை இழுக்கும் விசைக்கும் பஞ்சமில்லை. பஞ்சம் எங்கே என்று தேடினால், தேடல் விரல் நுனிகளில் வந்து நிற்கும்.

மனிதக் கைக்குப் பிடிகள் இரண்டு. கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் இடையில் ஒரு பொருளை வைத்து அழுத்துவது கிள்ளுப்பிடி. நான்கு விரல்களையும் உள்ளங்கையையும் சேர்த்து இறுக்குவது முழுக்கைப்பிடி. இவற்றின் வலு வேறுபாட்டை அளந்தவர்களில் முக்கியமானவர் மதியோவெட்ஸ். அமெரிக்காவின் மில்வாக்கி பகுதியில் 600-க்கும் மேற்பட்ட ஆண், பெண்களை அளந்து அவரது குழு 1985-இல் வெளியிட்ட அளவுகள் இன்றும் கை சிகிச்சையில் ஒப்பீட்டுக்குப் பயன்படுகின்றன. அதன்படி இருபதுகளின் பிற்பகுதியில் இருக்கும் ஆண்களின் முழுக்கைப்பிடி சராசரியாக 55 கிலோ, அதே வயதுப் பெண்களுக்கு 34 கிலோ, 75 வயதைக் கடந்த பெண்களுக்கு 19 கிலோ. ஆள்காட்டி விரலின் பக்கவாட்டில் கட்டைவிரலை வைத்து அழுத்தும் பிடியிலோ இந்த எண்கள் முறையே 12, 8, 6 கிலோவுக்கு அருகே சரிகின்றன. விரல் நுனிகளால் மட்டும் கிள்ளினால் வலு இன்னும் குறைவு. ஆக, மூதாட்டி ஒருவரின் முழுக்கை தரும் விசையில் மூன்றில் ஒரு பங்குகூட அவரது கிள்ளுப்பிடியில் இல்லை.

இந்த எண்களை ஸ்லைடின் மேல் வைத்துப் பார்த்தால் புதிர் அவிழும். விரல்கள் ஸ்லைடின் இரு பக்கங்களையும் அழுத்துகின்றன. ஸ்லைடு நகரும் திசையோ அந்த அழுத்தத்துக்குச் செங்குத்தானது. ஆக, இழுக்கும் விசை முழுவதும் உராய்வின் வழியாகத்தான் எஃகுக்குப் போக வேண்டும். உலர்ந்த விரலுக்கும் எஃகுக்கும் இடையிலான உராய்வுக் கெழுவைப் பாதி என்று வைத்துக்கொண்டால், இரு பக்கமும் சேர்த்துக் கிடைக்கும் இழுவிசை ஏறத்தாழ அழுத்தும் விசைக்குச் சமம். இளைஞர் ஒருவர் 12 கிலோ கிள்ளும்போது ஒன்பது கிலோ ஸ்லைடு வந்துவிடும். அவர் எந்தச் சிக்கலையும் உணரமாட்டார். ஆறு கிலோ மட்டுமே கிள்ள முடிந்தவருக்கு விரல்கள் எஃகின் மேல் வழுக்கிவிடும். எண்ணெய்ப் பிசுக்கு இருந்தால் நிலைமை இன்னும் மோசம். ஆனால் அதே மூதாட்டி முழுக்கையால் பற்றி, தம் வலுவில் பாதிக்குச் சற்று மேலாக, பத்துப் பன்னிரண்டு கிலோ அழுத்தினாலே ஸ்லைடு பின்வாங்கும். ஸ்லைடின் பின்பகுதியில் வெட்டப்பட்டிருக்கும் வரிப்பள்ளங்கள் அந்தப் பிடிக்குக் கூடுதல் துணை. துப்பாக்கியை வடிவமைத்தவர்களும் கற்றுத் தந்தவர்களும் நெடுங்காலம் வலுவான கையுள்ள ஆண்களாகவே இருந்ததால், கிள்ளி இழுப்பதே இயல்பான முறை என்று நிலைத்துவிட்டது. அவர்களுக்கு அது வேலை செய்ததே காரணம்.

கிள்ளுப்பிடி வலுக் குறைவானது மட்டுமல்ல, மூட்டுக்குக் கேடானதும்கூட. கட்டைவிரலின் அடியில், மணிக்கட்டை ஒட்டி இருக்கும் மூட்டில்தான் வயதானவர்களுக்கு, குறிப்பாகப் பெண்களுக்கு, தேய்மானம் அடிக்கடி வருகிறது. கூனி, சாவோ என்ற ஆய்வாளர்கள் 1977-இல் செய்த கணக்கீட்டின்படி, விரல் நுனியில் ஒரு கிலோ கிள்ளினால் அந்த அடிமூட்டில் விழும் அழுத்தம் ஏறத்தாழ 12 கிலோ. நீளமான விரலின் நுனியில் விசை, அடியில் சிறிய மூட்டு, இரண்டுக்கும் இடையில் குறுகிய நெம்புகோலோடு இழுக்கும் தசைநாண்கள். இந்த அமைப்பில் பெருக்கம் தவிர்க்க முடியாதது. தேய்ந்த மூட்டில் ஆறு கிலோ கிள்ளுவது என்றால் அங்கே எழுபது கிலோவுக்கு மேல் அழுந்துகிறது. வலி வந்ததும் மூளை தசையைத் தளர்த்திவிடுகிறது. இருக்கிற வலுவும் கிடைக்காமல் போகிறது. மணிக்கட்டின் கோணத்துக்கும் பங்கு உண்டு. விரல்களை மடக்கும் தசைகள் முன்கையில் இருக்கின்றன. அவற்றின் தசைநாண்கள் மணிக்கட்டைக் கடந்தே விரல்களுக்கு வருகின்றன. மணிக்கட்டு சற்றுப் பின்னோக்கி நிமிர்ந்திருக்கும்போது அந்தத் தசைகள் தமக்கு உகந்த நீளத்தில் இருந்து முழு வலுவையும் தருகின்றன. உள்நோக்கி மடங்கினால் பிடி தளர்கிறது. கையை நீட்டி, மணிக்கட்டை வளைத்து, இரு விரல்களால் ஸ்லைடின் வாலைக் கிள்ளி இழுப்பவர் தமக்குப் பாதகமான எல்லாவற்றையும் ஒன்றாகச் சேர்த்துக்கொள்கிறார்.

இதற்கு மாற்றாகப் பயிற்றுநர்கள் இன்று கற்றுத்தரும் முறை இந்த உடலியலோடு ஒத்துப்போகிறது. முதலில் மேகசினைக் கழற்றிவிட வேண்டும். ட்ரிகரிலிருந்து விரல் விலகிச் சட்டத்தின் பக்கவாட்டில் நேராகப் படிந்திருக்க வேண்டும். குழல்வாய் எப்போதும் பாதுகாப்பான திசையைப் பார்த்திருக்க வேண்டும். துப்பாக்கி பிடித்த கையை நெஞ்சின் கீழ்ப்பகுதிக்கு அருகே, முழங்கை உடலை ஒட்டியிருக்குமாறு கொண்டுவர வேண்டும். மற்றக் கையின் உள்ளங்கையை ஸ்லைடின் பின்பாதியின் மேல் கவிழ்த்து, நான்கு விரல்களும் ஒரு பக்க வரிப்பள்ளங்களிலும், கட்டைவிரலின் அடித்தசை மறுபக்கப் பள்ளங்களிலும் பதியும்படி பற்ற வேண்டும்; அந்தக் கட்டைவிரல் தம் உடலை நோக்கி இருக்கும், தோட்டாக்கூடு வெளியேறும் வாயைக் கை மூடாது. பிறகு, மேல் கை ஸ்லைடை இறுகப் பிடித்துப் பின்னால் இழுக்க, கீழ்க் கை பிடிச்சட்டத்தை ஒரே மூச்சில் முன்னால் தள்ள வேண்டும். ஸ்லைடு கடைசி வரை வந்ததும் கையை முழுதாக விட்டுவிட வேண்டும். துப்பாக்கியை உடலுக்கு அருகே கொண்டுவரும்போது குழல்வாய் பக்கவாட்டில் திரும்பிப் பக்கத்தில் நிற்பவரை நோக்கிவிடும் ஆபத்து உண்டு. அதனால் துப்பாக்கியைத் திருப்பாமல் உடலையே ஒருபக்கமாகத் திருப்பி நிற்பது அடிப்படை விதி.

இங்கே ஓர் எதிர்வாதம் எழும். ஸ்லைடை இழுத்தாலும் சட்டத்தைத் தள்ளினாலும் ஸ்பிரிங்குக்குத் தேவைப்படும் விசை ஒன்றுதானே, இரு கைகளிலும் சமமான எதிரெதிர் விசைகள்தானே இருக்கும், பிறகு தள்ளுவதால் என்ன லாபம் என்று கேட்கலாம். நியூட்டனின் மூன்றாம் விதியைச் சரியாகப் புரிந்துகொண்டவரின் கேள்வி இது. தள்ளுவதால் தேவைப்படும் விசை ஒரு கிராம்கூடக் குறையாது. மாறுவது, அந்த விசையைத் தரும் தசைகள். கை நீட்டி இழுக்கும்போது தோளின் பின்புறச் சிறுதசைகளும் முன்கையும் சுமையை ஏற்கின்றன. நெஞ்சருகே வைத்துத் தள்ளும்போது மார்பு, மேற்கையின் பின்தசை, முதுகின் அகன்ற தசை ஆகியவை சேர்கின்றன. உடலின் எடையையும் சற்றுச் சாய்த்துச் சேர்க்கலாம். தூரமும் இரு கைகளுக்கும் பங்காகிறது. ஒவ்வொரு கையும் இரண்டு, இரண்டரை சென்டிமீட்டர்தான் நகர வேண்டும். தசை வேகமாகச் சுருங்கினால் அது தரும் விசை குறையும் என்பதை உடலியலாளர் ஏ.வி. ஹில் 1938-இலேயே தவளைத் தசையில் அளந்து காட்டினார். ஒரே நேரத்தில் இழுபடும் தூரம் இரு கைகளுக்கும் பாதியாகப் பிரிந்தால் ஒவ்வொரு தசையும் மெதுவாகச் சுருங்கலாம், அதிக விசை தரலாம். ஆனாலும் ஒன்றை மறக்கக் கூடாது. எவ்வளவு பெரிய தசை தள்ளினாலும், ஸ்லைடைப் பற்றிய கை வழுக்கினால் எல்லாம் வீண். தள்ளும் முறையும் கவிழ்த்த உள்ளங்கையும் சேர்ந்து வந்தால்தான் பயன். சுத்தி வெளியே தெரியும் பிஸ்டலாக இருந்தால், கட்டைவிரலால் சுத்தியை முன்கூட்டியே பின்னுக்கு நிறுத்திவிட்டு ஸ்லைடை இழுக்கலாம். ஒரு ஸ்பிரிங்கின் சுமை முன்னதாகவே கழிந்துவிடும். ட்ரிகர் பக்கம் விரலே போகக் கூடாத தருணம் அது.

'கைக்குப் பயிற்சி கொடுத்தால் போதுமே' என்பது அடுத்த எதிர்வாதம். அதில் உண்மை இருக்கிறது. 1990-இல் ஃபியாட்டரோனின் குழு, தொண்ணூறு வயதை ஒட்டிய முதியோர் இல்லவாசிகளுக்கு எட்டு வாரம் கடுமையான கால்தசைப் பயிற்சி கொடுத்து, அவர்களின் வலு இரு மடங்குக்கும் மேலாகக் கூடியதைக் காட்டியது. எந்த வயதிலும் தசை பயிற்சிக்குப் பதில் சொல்லும். ஆனால் தசை வளர்வதுபோல் தேய்ந்த குருத்தெலும்பு வளர்வதில்லை. மணிக்கட்டில் நரம்பு அழுந்தி விரல்கள் மரத்துப்போனவருக்கும், பக்கவாதத்தில் ஒரு கை தளர்ந்தவருக்கும் பிடியை இறுக்கும் பயிற்சி தீர்வாகாது. சிலருக்குக் கெடுதலும் செய்யும். பயிற்சி துணை நிற்கட்டும்; ஆனால் ஒரு கருவி இயங்குவதற்கு மனிதர் தம் மூட்டுகளை மாற்றிக்கொள்ள வேண்டும் என்று எதிர்பார்ப்பது நியாயமில்லை.

'அப்படியானால் தளர்ந்த ஸ்பிரிங்கை மாட்டிவிடலாமே' என்ற யோசனை அதைவிட எளிதாகத் தோன்றும், அதைவிட ஆபத்தானது. ஸ்பிரிங் தளர்ந்தால் ஸ்லைடு அதிக வேகத்தோடு வந்து சட்டத்தில் மோதும். நாளடைவில் சட்டம் விரிசல் விடலாம். திரும்பும் பயணத்தில் தோட்டாவை உருவி அறைக்குள் செலுத்த வலு போதாமல் ஸ்லைடு பாதி வழியில் நின்றுவிடலாம். ஸ்பிரிங்கின் அளவு ஸ்லைடின் எடை, தோட்டாவின் உந்தம், மேகசினின் அழுத்தம் ஆகியவற்றோடு சேர்த்துத் தீர்மானிக்கப்பட்டது. ஒன்றை மட்டும் மாற்றினால் மற்றவை கணக்குக் கேட்கும். 'ஸ்லைடே இல்லாத ரிவால்வர் இருக்கிறதே' என்பார் இன்னொருவர். ரிவால்வரில் சுமை இடம் மாறுகிறது, மறையவில்லை. சுத்தியைப் பின்னுக்கு இழுத்து, உருளையைச் சுழற்றி, சுடுவது வரை எல்லாவற்றையும் ட்ரிகர் இழுப்பே செய்யும் முறையில் ஒற்றை ஆள்காட்டி விரல் ஒவ்வொரு முறையும் நாலரை முதல் ஐந்தரை கிலோ வரை இழுக்க வேண்டியிருக்கும். ஸ்லைடு கேட்பது இரு கைகளின் உழைப்பை, அதுவும் தொடக்கத்திலும் முடிவிலும்தான். ரிவால்வர் கேட்பது ஒரு விரலின் உழைப்பை, ஒவ்வொரு குண்டுக்கும். விரல் மூட்டு வீங்கியவருக்கு இதில் எது எளிது என்பது அவரவர் கையைப் பொறுத்தது. பொது விடை கிடையாது.

உண்மையான தீர்வு வடிவமைப்பில் இருக்கிறது, அதற்கு வரலாறும் இருக்கிறது. முதல் உலகப் போர்க் காலத்தை ஒட்டி விடோல்ட் சிலெவ்ஸ்கி என்பவர், ட்ரிகரைச் சுற்றியிருக்கும் வளையத்தையே விரலால் பின்னுக்கு இழுத்து ஸ்லைடை நகர்த்தும் சிறு பிஸ்டலை வடிவமைத்தார். 1920-களில் ஜெர்மனியில் லிக்னோஸ் என்ற பெயரில் அந்த முறையிலான ஒற்றைக்கைப் பிஸ்டல் விற்பனைக்கும் வந்தது. இத்தாலியின் பெரெட்டா நிறுவனம் 1950-களின் தொடக்கத்திலிருந்து தன் சில சிறு பிஸ்டல்களில் வேறு வழியைக் கையாண்டது. ஒரு சிறு நெம்பைத் தள்ளினால் குழலின் பின்முனை மேலெழும்பித் திறந்துகொள்ளும். முதல் தோட்டாவை நேரே அறைக்குள் வைத்து மூடிவிடலாம், ஸ்லைடைத் தொட வேண்டியதே இல்லை. 2014-இல் வந்த வால்தர் சி.சி.பி. பிஸ்டலில் வெடிவாயுவின் ஒரு பகுதி குழலின் கீழுள்ள உருளைக்குள் புகுந்து, பிஸ்டன் ஒன்றை எதிர்த்திசையில் அழுத்தி ஸ்லைடைத் தாமதப்படுத்துகிறது. சுடும்போது மட்டும் இந்தத் தடை வரும். கையால் இழுக்கும்போது வாயு ஏது? அதனால் தளர்ந்த ஸ்பிரிங்கே போதும். அமெரிக்காவின் ஸ்மித் அண்ட் வெஸன் 2018-இல் கொண்டுவந்த ஷீல்ட் ஈஸி, மேலே சொன்ன கணக்குகளின் நேரடி விடை. உந்தம் குறைந்த .380 தோட்டா, அதற்கு வழக்கமான எளிய பின்னுதைப்புக்குப் பதில் பூட்டிக்கொள்ளும் குழல், மிகச் சிறிதாக இல்லாத உடல், உள்ளே மறைந்த சுத்தி ஆகிய நான்கும் சேர்ந்து ஸ்பிரிங்கைத் தளர்த்த இடம் கொடுத்தன. கை வலுக் குறைந்தவருக்கான துப்பாக்கி, அவர்களுக்கென்று வழக்கமாக நீட்டப்படும் சிறிய துப்பாக்கியைவிடப் பெரியதாக இருக்க வேண்டியிருந்தது என்பதை இங்கே கவனிக்க வேண்டும்.

கடைசியாக வரும் எதிர்வாதம் கடுமையானது. ஸ்லைடை இழுக்க முடியாதவர் துப்பாக்கியைத் தொடவே வேண்டாம் என்பது அது. இதைத் தள்ளிவிட முடியாது. பாதி ஏற்க வேண்டியதுதான். ஸ்லைடை இழுப்பது சுடுவதற்கான செயல் மட்டுமல்ல, துப்பாக்கியைப் பாதுகாப்பான நிலைக்குக் கொண்டுவரும் செயலும் அதுவே. மேகசினைக் கழற்றிய பிறகும் அறைக்குள் ஒரு தோட்டா இருக்கலாம். அதை வெளியேற்ற ஸ்லைடைக் கடைசி வரை இழுத்தாக வேண்டும். அரைகுறையாக இழுத்தால் தோட்டா வெளியே விழாமல் மறுபடி அறைக்குள்ளேயே போய்விடக்கூடும். பிடித்திருப்பவரோ காலி செய்துவிட்டதாக நினைத்துக்கொண்டிருப்பார். காலி என்று நம்பிய துப்பாக்கி வெடிக்கும் விபத்துகளுக்கு இடம் தருவது இத்தகைய நம்பிக்கைதான். எனவே 'இந்தத் துப்பாக்கியின் ஸ்லைடைக் கையாள முடியாதவரிடம் இந்தத் துப்பாக்கி இருக்கக் கூடாது' என்பது சரி. 'அவரிடம் எந்தத் துப்பாக்கியும் பாதுகாப்பாக இருக்காது' என்பது சரியல்ல. குறை மனிதரிடமா பொருத்தத்திலா என்று பார்க்காமல் மனிதரின் மேல் ஏற்றிவிடுகிறது இரண்டாவது கூற்று.

ஆகவே, சட்டப்படி உரிமம் பெற்றோ விளையாட்டுக்காகவோ பிஸ்டல் ஒன்றைத் தேர்ந்தெடுக்கும் எவருக்கும், அவர்களுக்கு உதவும் கடைக்காரருக்கும் பயிற்றுநருக்கும் ஒரு சோதனையே போதும். அளவு, எடை, பெயர், விலை எல்லாவற்றுக்கும் முன்னால், தேர்ந்த ஒருவரின் மேற்பார்வையில் தோட்டா இல்லாத நிலையில் அதன் ஸ்லைடைத் தம் கையாலேயே கடைசி வரை பத்து முறை தொடர்ந்து இழுத்து, திறந்த நிலையில் நிறுத்தி, அறை காலி என்று கண்ணால் பார்க்க முடிகிறதா? சரியான பிடியைக் கற்றுக்கொண்ட பிறகும் பத்தாவது முறை விரல் வழுக்கினால் அந்தத் துப்பாக்கியை அங்கேயே வைத்துவிட்டு வேறொன்றைப் பாருங்கள். கையைக் குறை சொல்ல வேண்டாம்.